சட்டையில இருந்ததை மட்டும் சொல்லு

ஃபோரன்சிக் படிக்கப் போறியாமே பாப்பா? உங்கம்மா அம்பாங் பூரா சொல்லிட்டு வந்துட்டா. கோயில்ல அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது சொல்லியிருக்கா, மார்க்கெட்டுல மீன் வாங்கும்போதும் சொல்லியிருக்கா. மீன்காரன் என்னைப் பிடிச்சுக்கிட்டான். "அப்ப அந்தப் பொண்ணு பிணம் அறுக்கப் போகுதா பெருசு?"ன்னான். மீன் அறுக்கிறவன் கேக்குற கேள்வி, தொழில் பாசம்னு விட்டுட்டு வந்துட்டேன்.

உனக்கு இந்த ஆசை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். டிவியில ஒரு வெள்ளைக்காரி கண்ணாடி மாட்டிக்கிட்டு இருட்டு ரூமுக்குள்ள போவா. எதையோ பீச்சி அடிப்பா. சுவரெல்லாம் நீலமா மின்னும். அடுத்த விளம்பரத்துக்குள்ள கொலைகாரன் கையில விலங்கு. அவ அடிக்கிற மருந்துக்கு லூமினால்னு பேரு. ரத்தத்துல இருக்கிற இரும்பு பட்டா அது மின்னும், வாஸ்தவம். குளோரோக்ஸ் ப்ளீச் பட்டாலும் மின்னும், அதை மட்டும் டிவியில சொல்ல மாட்டான். உங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாம வீடு கழுவுற கழுவுக்கு, உங்க குளியலறையில லூமினாலை அடிச்சா பத்துக் கொலை நடந்த இடம்னு தோணும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவன் அதை வச்சுத் தீர்ப்பு எழுத மாட்டான். 'இங்க ரத்தம் இருக்கலாம், எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுப் பாரு'ன்னு சொல்றதோட அந்த மருந்து வேலை முடிஞ்சுது.

அந்த 'இருக்கலாம்' இருக்கே, அதைச் சொல்லக் கத்துக்கத்தான் நீ யூனிவர்சிட்டிக்குப் போகணும். மத்தபடி துப்பறியிற வேலைக்கு அம்பாங்ல ஆள் பஞ்சமே கிடையாது. ஃபிளாட்டுல எவனாவது மயங்கி விழுந்தா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நம்ம அத்தைமாருங்க கேஸை முடிச்சிடுவாங்க. 'மருந்து வச்சிட்டா', 'செய்வினை', 'நேத்தே மூஞ்சி சரியில்ல.' மூணு தீர்ப்பு, ஒரு சோதனை கிடையாது. உனக்கும் அந்த ரத்தம்தானே ஓடுது? பரம்பரையா வந்த இந்தத் திறமையைப் பணம் கட்டி மறக்கிற படிப்பும்மா இது.

நம்ம ஊர் பொறந்த கதையையே எடுத்துக்கோ. 1857-ல ராஜா அப்துல்லா ஈயம் தேட 87 சீன ஆளுங்களைக் கிள்ளான் ஆத்துல படகேத்தி அனுப்பினாரு. கோம்பாக் ஆறு வந்து கலக்குற இடத்துல இறங்கி, காட்டுக்குள்ள நடந்து அம்பாங்குக்கு வந்து தோண்டினாங்க. ஒரே மாசத்துல மிஞ்சினது 18 பேரு. மத்தவங்களை வாரிக்கிட்டுப் போனது மலேரியா. கெட்ட காத்துல காய்ச்சல் வருதுன்னு டாக்டருங்களே நம்பிக்கிட்டிருந்த காலம். அந்தக் கிருமியை ரத்தத்துல ஒருத்தர் பார்த்தது 1880-ல. அதையே கொசு வயித்துல ரொனால்ட் ராஸ் பார்த்தது 1897-ல, நம்ம செகந்திராபாத்துல. அதுவரைக்கும் குற்றவாளி காதுகிட்ட பாட்டுப் பாடிக்கிட்டே சுத்துச்சு, ஒருத்தனும் சந்தேகப்படல.

சரி, மீன்காரனுக்கு நான் பதில் சொல்லணும்ல? கேட்டுக்கோ. பிணம் அறுக்கிறது டாக்டர் வேலை. முதல்ல மருத்துவம் முடிக்கணும், அதுக்கு மேல அந்தத் துறையில தனியாப் படிக்கணும். உனக்கு வர்றது கெமிஸ்ட்ரி, அது முடிஞ்சா இன்னும் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் சட்டம், நீ ஓடி ஒளியிற புள்ளியியல். கிளந்தான் குபாங் கெரியான்ல யு.எஸ்.எம். மருத்துவ வளாகத்துல ஃபோரன்சிக் இருக்கு. கே.எல். ராஜா மூடா ரோட்டுல யு.கே.எம். வளாகத்துலயும் இருக்கு. தனியா உயிர்வேதியியல்தான் வேணும்னா மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங் யு.பி.எம்.னு போகலாம். படிச்சிட்டு எல்லாரும் கண்ணு வைக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு பெட்டாலிங் ஜெயாவுல ஜபாத்தான் கிமியா, அதான் அரசாங்க வேதியியல் துறை. இன்னொண்ணு செராஸ்ல போலீஸோட ஃபோரன்சிக் லேப்.

அங்க போனா வெள்ளைக் கோட்டு உண்டு. துப்பாக்கி கிடையாது, துரத்துறது கிடையாது. ஒரு மெஷின் முன்னால உக்காந்திருக்கணும். ஜி.சி.எம்.எஸ்.னு பேரு. கலந்து கிடக்கிறதை ஆவியாக்கி, மயிரிழைக் குழாய்ல ஓட்டிப் பிரிச்சு, ஒவ்வொண்ணையும் உடைச்சு, உடைஞ்ச துண்டுங்களை எடை பார்த்து இன்னதுன்னு காட்டும். முதல்ல ஒண்ணுமே கலக்காத ப்ளாங்க் ஓட்டணும். அப்புறம் தெரிஞ்ச சரக்கு. அதுக்கப்புறம்தான் கேஸ் மாதிரி. முடிஞ்சதும் மறுபடியும் ப்ளாங்க். முந்தின கேஸ் சரக்கு இந்தக் கேஸுல ஒட்டலைன்னு நிரூபிக்கணும்ல? இதை டிவியில காட்டினா நீ சேனலை மாத்திடுவ.

உயிர்வேதியியல் எதுக்கு, அது டாக்டர் சீட்டு கிடைக்காதவங்க படிக்கிறதுன்னு உங்க மாமா சொன்னாராமே. அவருக்கு நான் பதில் சொல்றேன். நானும் உங்க தாத்தாவும் ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவினோம். மங்குப் பாலை வாளியில சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டு போவோம். அங்க தொட்டியில ஊத்தி, தண்ணி கலந்த ஃபார்மிக் ஆசிட்டைச் சேர்ப்பாங்க. மூக்குல ஏறினா கண்ணுல தண்ணி கொட்டும். விடியுறதுக்குள்ள பால் வெள்ளைக் கட்டியா நிக்கும், அதை மெஷின்ல நசுக்கி ஷீட்டா எடுப்பாங்க. அந்த ஆசிட்டை ஸ்டோர்ல மட்டும்தான் பார்க்க முடியும்னு நினைச்சிருந்தேன். மனுசன் ஈரல் அதைத் தானே காய்ச்சும்னு ரொம்ப நாள் கழிச்சுப் பேப்பர்ல படிச்சுத்தான் தெரிஞ்சது.

2018 செப்டம்பர்ல இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குல விஷச் சாராயம் குடிச்சு 30 பேருக்கு மேல செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? செத்ததுல நிறைய பேரு பொழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளிங்க. 2024 ஜூன்ல தமிழ்நாட்டுல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல போனாங்க. ரெண்டு இடத்துலயும் கொன்னது மெத்தனால். வேடிக்கை என்னன்னா, மெத்தனாலால நேரா அவ்வளவு கெடுதல் இல்ல. ஈரல்ல ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது கடமை தவறாத கிராணி, வந்ததையெல்லாம் பதிஞ்சு அனுப்பும். மெத்தனாலை ஃபார்மால்டிஹைடா மாத்தும், அடுத்த என்சைம் அதை ஃபார்மிக் ஆசிட்டா மாத்தும். அந்த ஆசிட் செல்லுக்குள்ள புகுந்து மூச்சை அடைக்கும். கண் நரம்பு முதல்ல பலியாகும். இதுக்கு நேரம் பிடிக்கும்கிறதால, ராத்திரி குடிச்சவன் மறுநாள்தான் 'கண்ணு மங்குது'ன்னு வருவான். அதுக்குள்ள பக்கத்து வீட்டுல கண்திருஷ்டின்னு சொல்லியிருப்பாங்க.

இதுக்கு வைத்தியம் என்ன தெரியுமா? அந்த என்சைமுக்கு மெத்தனாலை விட நல்ல சாராயத்து மேல, அதான் எத்தனால் மேல, பிரியம் ஜாஸ்தி. ஆஸ்பத்திரியில அளந்து எத்தனால் கொடுத்தா, என்சைம் அதோட மல்லுக்கட்டிக்கிட்டு மெத்தனாலை விட்டுடும். மெத்தனால் ஆசிட்டா மாறாமலே வெளியேறும், டயாலிசிஸ் வச்சும் எடுப்பாங்க. ஃபோமெபிசோல்னு தனி மருந்தும் உண்டு. விஷச் சாராயத்துக்கு நல்ல சாராயம் மருந்துங்கிற இந்த ரகசியத்தை உங்க மாமாகிட்ட மட்டும் சொல்லிடாத. வைத்தியத்தை முன்கூட்டியே ஆரம்பிச்சிடுவாரு.

இன்னொண்ணு சொல்றேன், கேட்டா சிரிப்ப. ஒருத்தன் செத்து ரெண்டு நாள் கழிச்சுக் கிடைச்சான், ரத்தத்துல சாராயம் இருக்குன்னு ரிப்போர்ட் வருது. 'குடிச்சே செத்தான்'னு ஊரு சொல்லும். ஆனா அழுக ஆரம்பிச்ச உடம்புல கிருமிங்களே சர்க்கரையைப் புளிக்க வச்சுச் சாராயம் காய்ச்சும். வாழ்நாள் பூரா சொட்டுக் கூட தொடாத பக்தன் செத்த பின்னால லைசென்ஸ் இல்லாமக் காய்ச்சுவான். அதனாலதான் கண்ணுக்குள்ள இருக்கிற திரவத்தையும் எடுத்துப் பார்ப்பாங்க, அங்க கிருமி லேசுல போகாது. ரத்தத்தை எடுக்கிற குழாய்ல சோடியம் ஃப்ளோரைடு போட்டிருப்பாங்க. பால் உறையாம ஸ்டோர் வந்து சேர நாங்க அம்மோனியா சொட்டு விட்ட மாதிரி, அது வழியில ரத்தம் மாறாமப் பார்த்துக்கும்.

அடுத்தது உங்க வீட்டுக் குருமா. ஞாயித்துக்கிழமை கோழிக்குக் கசகசா அரைச்சு ஊத்துறாளே உங்கம்மா, அது அபினிச் செடியோட விதை. அதுல மார்ஃபின் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். ரெண்டு கிண்ணம் வழிச்சுச் சாப்பிட்டவன் மறுநாள் சிறுநீர் கொடுத்தா மார்ஃபின் காட்டலாம். இந்தத் தொல்லையாலதான் அமெரிக்காவுல வேலை ஆளுங்களைச் சோதிக்கிற அளவை 300 நானோகிராம்லேருந்து 2000-க்கு 1998-ல ஏத்தினாங்க. அங்க குருமா இல்ல, கசகசா தூவின ரொட்டி.

இப்ப ஹெராயின் அடிச்சவன் சிறுநீர்லயும் மார்ஃபின்தான். குருமாக்காரனையும் அவனையும் எப்படிப் பிரிப்ப? ஹெராயின்ங்கிறது ரெண்டு அசிட்டைல் ஒட்டின மார்ஃபின். உடம்புக்குள்ள போனதும் என்சைம் முதல்ல ஒரு அசிட்டைலைக் கழட்டும். அப்ப நடுவுல 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின்னு ஒண்ணு கிடைக்கும். அப்புறம்தான் அடுத்ததைக் கழட்டி வெறும் மார்ஃபின் ஆக்கும். குருமா எத்தனை சட்டி குடிச்சாலும் அந்த நடுச் சரக்கு வராது. அது இருந்தா ஹெராயின். சரி, அது இல்லாட்டி? 'அப்ப குருமாதான்'னு உன் வாய் பரபரக்கும். அடக்கிக்கோ. அந்த நடுச் சரக்கு உடம்புல சில மணி நேரந்தான் தங்கும். இல்லாட்டி 'இதை வச்சுச் சொல்ல முடியாது', அவ்வளவுதான். இவ்வளவையும் உனக்குச் சொல்லிக் கொடுக்கிறது உயிர்வேதியியல். ஃபோரன்சிக் லேப்ல நீ உக்காருவ, ஆனா அங்க வாய்க்கு வர்ற வார்த்தை இங்கேருந்து வரணும்.

இது விளையாட்டில்ல பாப்பா. இந்த நாட்டுல 1952 போதைப்பொருள் சட்டப்படி 15 கிராமோ அதுக்கு மேலயோ ஹெராயின் வச்சிருந்தா கடத்துறான்னு சட்டம் அனுமானிச்சுக்கும். பொட்டலத்து எடை செல்லாது. கலப்படத்தைக் கழிச்சு உள்ள இருக்கிற சுத்தமான சரக்கு எவ்வளவுன்னு ஜபாத்தான் கிமியா ஆளு சொல்லணும். கட்டாய மரண தண்டனையை 2023-லதான் நாடாளுமன்றம் எடுத்துச்சு. அதுக்கு முன்னால 14 கிராமுக்கும் 15 கிராமுக்கும் நடுவுல ஒரு மனுசன் கழுத்து இருந்துச்சு. தராசைச் சரிபார்க்காதவன் கையில அதைக் கொடுப்பியா?

நம்ம பக்கத்துல உலகமே பார்த்த கேஸ் ஒண்ணு இருக்கு. 2017 பிப்ரவரி 13, கே.எல்.ஐ.ஏ. 2 விமான நிலையம். வட கொரியத் தலைவரோட வேற தாய்க்குப் பொறந்த அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்துல ரெண்டு பொண்ணுங்க எதையோ தடவிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரி போற வழியிலேயே உயிர் போச்சு. அந்த வாரம் மாமாக் சாப்பாட்டுக் கடையில மேசைக்கு ஒரு விஷம். ஊசின்னான் ஒருத்தன், கைக்குட்டைன்னான் ஒருத்தன், மாரடைப்புன்னான் ரொட்டி சானாய் போடுறவன். ஜபாத்தான் கிமியாவுல சோதிச்சுச் சொன்ன பேரு எந்த மேசையிலயும் இல்ல: விஎக்ஸ்.

அது செய்ற வேலை என்ன? நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்க அசிட்டைல்கோலின்னு ஒண்ணை விடும். உத்தரவு போய்ச் சேர்ந்ததும் கோலினெஸ்டெரேஸ்ங்கிற என்சைம் வந்து அதைத் துடைச்சிடும். விஎக்ஸ் அந்த என்சைமைப் பிடிச்சுக் கட்டிப் போட்டுடும். துடைக்க ஆளில்லாம உத்தரவு நிக்காது, தசை ஓயாது, மூச்சு நின்னுடும். இறந்தவர் ரத்தத்துல அந்த என்சைம் ரொம்பத் தாழ்ந்து கிடந்துச்சுன்னு சாட்சி வந்துச்சு. என்சைம் அளக்கிறதுதான் உங்க மாமா இளக்காரமாச் சொன்ன படிப்பு.

ஷா ஆலாம் உயர் நீதிமன்றத்துல சாட்சிக் கூண்டு ஏறினது யாரு? ஜபாத்தான் கிமியாவோட டாக்டர் ராஜா சுப்ரமணியம். நம்ம ஆளு. துணிங்கள்ல இன்னும் விஷம் இருக்கலாம்னு பயந்து, 2017 அக்டோபர் 9-ஆம் தேதி கோர்ட்டே பெட்டாலிங் ஜெயா லேபுக்குப் போச்சு. நீதிபதி, வக்கீலுங்க, அந்த ரெண்டு பொண்ணுங்க, எல்லாரும் முகக்கவசம், கையுறை மாட்டிக்கிட்டு நின்னாங்க. அப்புறம் டாக்டர் ஷர்மிளான்னு ஒரு நச்சியல் நிபுணர் வந்தாங்க, ஜபாத்தான் கிமியாதான். இறந்தவர் பையில 12 புட்டி அட்ரோபின் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அட்ரோபின் இந்த மாதிரி விஷத்துக்கு முறிவு. மருந்து தோள்ல தொங்கியிருக்கு, மனுசன் செத்துட்டாரு. இதைக் கேட்டா நம்ம அத்தைங்க பத்துக் கதை கட்டுவாங்க. ஷர்மிளா கட்டல. புட்டியில என்ன இருந்துச்சோ அதைச் சொல்லிட்டு இறங்கிட்டாங்க.

ராஜா சுப்ரமணியமும் அப்படித்தான். ஒருத்தி நகத்துல விஎக்ஸ், இன்னொருத்தி சட்டையில அது சிதைஞ்ச மிச்சம்னு சொன்னாரு. 'இவங்கதான் கொலைகாரிங்க'ன்னு சொல்லல. டிவி குறும்புன்னு நம்பித்தான் செஞ்சோம்னு அவங்க சொன்னாங்க. மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு ஜி.சி.எம்.எஸ். காட்டாது. 2019-ல ஒருத்தி மேல இருந்த வழக்கை அரசாங்கமே திரும்ப எடுத்துக்கிச்சு, இன்னொருத்தி சின்னக் குத்தத்தை ஒத்துக்கிட்டு வெளிய வந்துட்டா. ஊரு ஆயிரம் பேசுச்சு. லேப் சொன்ன ஒரு வரி மட்டும் அன்னிக்கும் இன்னிக்கும் ஒண்ணுதான்.

கேலியை ஒரு நிமிசம் ஓரமா வைக்கிறேன். 2009 ஜனவரியில சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்துல குகன்னு 22 வயசுப் பையன் விசாரணையில இருக்கும்போது செத்தான். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரல்ல நீர்னு சொல்லுச்சு. குடும்பம் விடல. மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில ரெண்டாவது தடவை பார்த்தாங்க. அடிச்ச அடியில தசை நசுங்கி, அதுக்குள்ள இருந்த மயோகுளோபின் ரத்தத்துல கலந்து, சிறுநீரகத்தை அடைச்சுக் கொன்னிருக்குன்னு எழுதினாங்க. ரப்டோமயோலிசிஸ்னு அதுக்குப் பேரு, உன் பாடப் புத்தகத்துல வரும். 2013-ல உயர் நீதிமன்றம் குடும்பத்துப் பக்கம் தீர்ப்புச் சொல்லுச்சு. நியாயம் கேட்டு ரோட்டுல கத்தினவங்களை நான் குறை சொல்லல, விடாமக் கேட்டதாலதான் ரெண்டாவது பரிசோதனையே நடந்துச்சு. ஆனா தீர்ப்புக்குள்ள போனது அந்தத் தசையும் சிறுநீரகமும்தான். நம்ம பிள்ளைங்க இந்தப் படிப்புக்கு வரணும்னு நான் சொல்றது இதுக்காக.

சரி, சோத்துக்கு வழியைப் பார்ப்போம். ஃபோரன்சிக் முடிச்சு வர்றவங்களுக்கு நாட்டுல நாற்காலி கொஞ்சந்தான். அரசாங்க வேலைன்னா எஸ்.பி.ஏ.ங்கிற பொதுச்சேவை ஆணையத்துல எழுதிப் போட்டுட்டு, அழைப்பு வர்ற வரைக்கும் அம்மா திட்டுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும். உயிர்வேதியியலுக்கு வாசல் அதிகம். ஆஸ்பத்திரி லேப், உணவுச் சோதனை, செம்பனை எண்ணெய், மருந்துக் கம்பெனி. உலகத்துக்கே இங்கேருந்து கையுறை போகுது. ரப்பர் கையுறை போட்டா சில பேருக்கு உடம்பு தடிச்சுப் போகுதே, அது ரப்பர் பால்ல இருக்கிற புரதத்தால. அதை எப்படிக் குறைக்கிறதுன்னு ஆராய்ச்சி பண்றதுக்குச் சம்பளம் கொடுக்கிறான். நாங்க அந்தப் பாலையே ஆயுசு பூரா கையில வழிச்சோம், ஒரு பட்டமும் கிடைக்கல.

அதனால என் யோசனை இது. யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பிக்கிற யு.பி.யு. பாரத்துல ரெண்டையும் எழுது. ஃபோரன்சிக் கிடைச்சா, உயிர்வேதியியல் பாடங்களைக் கூடுதலா எடுத்துக்கோ. உயிர்வேதியியல் கிடைச்சா அழாத, நச்சியல்ல மேற்படிப்புப் படிச்சு அதே லேபுக்கு வேற கதவு வழியாப் போகலாம். எதைப் படிச்சாலும் மாதிரிக் குழாய் மேல தேதி, நேரம், யாருகிட்டேருந்து யாரு வாங்கினதுங்கிறதை அப்பவே எழுது, அப்புறம் எழுதிக்கலாம்னு விடாத. நல்ல சோதனை கெட்டுப் போறது பெரும்பாலும் மெஷினால இல்ல, ஒட்டாத சீட்டால.

ஒரு நாள் நீ கூண்டுல நிப்ப. வக்கீல் தேனா குழைச்சுக் கேப்பாரு: "அப்ப இவர்தான் செஞ்சாருன்னு சொல்றீங்க, இல்லையாம்மா?" உன் நாக்கு நுனியில நம்ம பரம்பரையே வந்து உக்காந்துக்கும். முழுங்கிடு. "சட்டையில என்ன இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்றேன் ஐயா"ன்னு சொல்லு.

அதுக்கு இன்னிக்கே பழகிக்கலாம். அந்தா படியேறி வர்றது உங்க பெரியத்தைதானே? மூணாம் மாடிப் பொண்ணு யாரோட காருல வந்து இறங்குச்சுன்னு கேக்கத்தான் வர்றா. "மாதிரி இன்னும் கையில கிடைக்கல அத்தே"ன்னு சொல்லிட்டு உள்ள போ. முகம் மாறாமச் சொல்லிட்டேன்னா, மீன்காரன்கிட்ட நான் தைரியமாச் சொல்லிக்குவேன்: பொண்ணு பாதிப் படிப்பு முடிச்சிடுச்சுப்பா.